மரங்கொத்தி திரும்பக் கேட்ட கிளை

ஒரு குளக்கரையில் மரங்கொத்தி ஒன்று வைத்தியம் பார்த்து வந்தது. அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் வைத்தியர். குளம்பில் முள் தைத்தாலும் காதில் உண்ணி ஏறினாலும் எல்லோரும் அதனிடம்தான் ஓட வேண்டும். கரையில் நின்ற நாவல் மரத்தில் தாழ்வான கிளை ஒன்று உண்டு. காட்டுச் சபை யாருக்கு அனுமதி கொடுக்கிறதோ அவர்தான் அந்தக் கிளையில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கலாம். அது அங்கத்திய வழக்கம்.

மரங்கொத்தியின் தொழில் திறமையை யாரும் குறை சொன்னதில்லை. வாய்தான் சும்மா இருக்காது. பன்றிக்கு எங்கே புண், குரங்குக்கு எந்தப் பல் ஆட்டம் என்று காடு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தால்தான் அதற்குச் சாப்பாடே இறங்கும்.

ஒருநாள் அது நரியிடம் பேச்சுவாக்கில் சொன்னது: "பாவம் அந்தப் புள்ளிமான் சிவந்தி. அதோட மூத்த குட்டிக்குப் பின்னங்கால்ல சீழ் வச்சிருக்கு. கொஞ்ச நாளைக்கு ஓடவே கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் விடிந்தபோது அந்தக் குட்டி இல்லை.

சபை கூடியது. தலைவி யானை மரங்கொத்தியைக் கிளையை விட்டு இறக்கியது. "இனிமே நீ வைத்தியம் பார்க்கக் கூடாது. மழைக்காலம் போகட்டும். மனசு திருந்தியிருந்தா வந்து கேளு" என்றது.

மழைக்காலம் போனது. மரங்கொத்தி வந்து கேட்டது. தனியாகவா வந்தது? குரங்கையும் காட்டுப்பன்றியையும் சிபாரிசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.

"இவர் மாதிரி முள் எடுக்க ஆள் கிடையாதுங்க" என்றது பன்றி.

"எப்படி இளைச்சுப் போயிட்டார், பாருங்க. தினமும் குளத்தைப் பார்த்து அழறார்" என்றது குரங்கு.

மரங்கொத்தியும் அங்கேயே கொஞ்சம் அழுது காட்டியது. சபையில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். இளைத்ததற்கும் வாயை அடக்குவதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. குட்டியைப் பறிகொடுத்த மான் பின்வரிசையில் நின்றது. அதைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. மானே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

மானின் நிலைமை ரொம்பச் சங்கடமானது. அதன் சின்னக் குட்டிக்கு அன்று காலையில்தான் முன்னங்குளம்பில் முள் ஏறியிருந்தது. நரிக்குத் தெரியக் கூடாதே என்று தாழம்புதருக்குப் பின்னால் குட்டியைப் படுக்க வைத்துவிட்டு வந்திருந்தது. முள்ளை எடுக்காவிட்டால் குட்டியால் ஓட முடியாது. எடுப்பதற்கு இந்த மரங்கொத்தியை விட்டால் வேறு நாதி இல்லை. நரியோ சபை நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. சபைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு சட்டம் வேறு!

"நல்லா முள் எடுப்பார்ங்கிறதை நான் இல்லேன்னு சொல்லலீங்க" என்றது மான். "வாயை மூடிக்கிட்டு இருப்பாரா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

"மழைக்காலம் முழுக்க ஒரு நோயாளியைப் பத்தியும் நான் பேசலையே!" என்றது மரங்கொத்தி.

"உங்ககிட்ட நோயாளியே வரலை. அப்புறம் யாரைப் பத்திப் பேசுவீங்க?"

யானை காதை ஆட்டிக்கொண்டது. "விடும்மா. எத்தனை நாளைக்குத்தான் அதையே பேசிக்கிட்டு இருப்பே? வைத்தியர் இல்லாம எல்லாரும் கஷ்டப்படுறாங்க. அவரும் தப்பை ஒத்துக்கிட்டார்."

"கஷ்டம் எனக்கும்தாங்க. ஆனா நான் பறிகொடுத்தது என் புள்ளையை" என்றது மான்.

மரங்கொத்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னுமா என்னை நம்பலை? இப்பவே நிரூபிக்கிறேன். நான் பறந்து வரும்போது பார்த்தேன். தாழம்புதருக்குப் பின்னால உன் சின்னக் குட்டி முன்னங்காலைத் தூக்கிக்கிட்டுக் கிடக்கு. எழுந்திருக்கக்கூட முடியாது. அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா? இதோ நரி இங்கதானே இருக்கு, அதையே கேட்டுக்கோ!"

இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது!

நரி மெல்ல எழுந்து தாழம்புதர்ப் பக்கம் நடந்தது. மான் அலறிக்கொண்டு ஓடியது. நல்லவேளை, யானை அன்றைக்கு ஒருமுறையாவது சட்டென்று எழுந்தது. நரியின் வழியை மறித்துக்கொண்டு நின்றது. நரி திரும்பிக் காட்டுக்குள் நழுவிவிட்டது.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று மரங்கொத்தி குரங்கிடம் கேட்டது. குரங்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

யானை தன் கூட்டத்தைக் கூப்பிட்டுக் குட்டியைச் சுற்றி நிற்க வைத்தது. "வந்து முள்ளை எடு" என்றது. மரங்கொத்தி ஒரே இழுப்பில் எடுத்தது. குட்டி முனகக்கூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல், அவ்வளவு தேர்ந்த அலகு அது!

"அப்போ கிளை?" என்று மரங்கொத்தி ஆவலாகக் கேட்டது.

யானை முதல் தடவையாக மானின் பக்கம் திரும்பியது. "நீ என்னம்மா சொல்றே?"

மான் குட்டியின் குளம்பை நக்கிக்கொண்டே பேசியது. "முள் எடுத்ததுக்கு நன்றிங்க. ஆனா இவர்கிட்ட கிளையைக் கொடுத்தீங்கன்னா, இனிமே என் புள்ளைக்கு என்ன ஆனாலும் நான் வெளியில சொல்ல மாட்டேன். நொண்டிக்கிட்டே கிடக்கட்டும். உயிராவது மிஞ்சும்."

"நானும் சொல்ல மாட்டேன்" என்றது பன்றி. சிபாரிசுக்கு வந்த அதே பன்றிதான்.

யானை பெருமூச்சு விட்டது. "கிளை கிடையாது" என்று மரங்கொத்தியிடம் சொன்னது. "யாருக்காவது முள் குத்தினா எங்க கூட்டத்துக்கு நடுவுல வந்து எடு. அவங்க எழுந்து நடக்கிற வரைக்கும் நீ எங்களை விட்டு நகரக் கூடாது. பறந்தே, அப்புறம் இந்தப் பக்கமே வராதே."

"மறுபடி எப்போ கேட்கலாம்?" என்றது மரங்கொத்தி.

"அதை நீ இவகிட்டத்தான் கேட்கணும்" என்று யானை மானைக் காட்டியது. மான் அதற்குள் குட்டியை எழுப்பி நிறுத்திக்கொண்டிருந்தது.

நம்பி வந்தவரின் வலியை ஊருக்குச் சொல்லும் வைத்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அழுது காட்டினார் என்பதற்காக மட்டும் அவர் கையில் உயிர்களைத் திரும்ப ஒப்படைக்கக் கூடாது.