பெற்றோர் வர வேண்டிய கட்டாயமில்லை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்மணல் நாட்டைப் பூவராகன் என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் காலையில் அவருக்குத் தோன்றுவது மதியத்துக்குள் சட்டமாகிவிடும். ஒரு மாதம், தெருவில் எல்லாரும் இடப்பக்கமாகத்தான் நடக்க வேண்டும் என்றார். மறுவாரமே அவருக்கு வலப்பக்கம் போக வேண்டிய வேலை வந்தது, சட்டம் ரத்தாயிற்று. அப்படிப்பட்ட ராஜாவிடம் இருபது வருஷம் மந்திரியாக இருந்து தலை நரைத்தவர் ஆதிமூலம்.

கோட்டைவாசலில் ராஜா ஒரு பொதுப் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். பரிசல்காரர் பிள்ளைக்கும் அரண்மனைப் பிள்ளைக்கும் அங்கே ஒரே பாய்தான். ராஜாவின் மகள் மங்கைநல்லாளும் அங்கேதான் படித்தாள். ஒருநாள் ராஜா வழியில் ஒரு எண்ணெய் வியாபாரியை நிறுத்தி, உன் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். அது வாத்தியாருக்குத்தானே தெரியும் என்றார் வியாபாரி. ராஜாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே தண்டோரா போட்டார்கள்: அமாவாசைதோறும் காலையில் பெற்றோர் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளின் படிப்பை விசாரிக்க வேண்டும்.

முதல் அமாவாசைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் கடலை விற்க வந்தவர்கள்.

சபையில் ராஜா கொதித்தார். அரண்மனை மணியக்காரர் கயிலாசத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மந்திரி நாற்காலிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, இந்த ஜனங்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையே கிடையாது. வராதவர்களுக்குப் பன்னிரண்டு கசையடி என்று சொல்லிப் பாருங்கள். மந்திரியார்தான் இதையெல்லாம் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்" என்றார்.

ஆதிமூலம் மெதுவாக எழுந்தார். "ஒரு பௌர்ணமிவரை பொறுங்கள் மகாராஜா. சாட்டை இல்லாமலே வரவழைக்கிறேன்."

"வராவிட்டால்?" என்றார் கயிலாசம்.

"என் முத்திரை மோதிரத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்."

மறுநாளிலிருந்து மந்திரி தெருத்தெருவாக நடந்து, ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டார். காலையில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நேரம், அதை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள் தறி நெய்கிற ஒரு பெண். பரிசல்காரர் அய்யாறு துடுப்பைக் கரையில் சாய்த்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கு எழுத்து தெரியாதுங்க. எம்மக முன்னால வாத்தியார் எதையாவது கேட்டுட்டா என்ன பண்றது?"

மந்திரிக்கு விஷயம் பிடிபட்டது. பயப்படுகிறவர்களைச் சாட்டையால் அழைத்தால் இன்னும் தூரத்தான் ஓடுவார்கள். வாத்தியாரிடம் போய் வெகுநேரம் பேசினார். அன்று மாலையே புதுத் தண்டோரா கிளம்பியது:

"வருகிற பௌர்ணமியன்று வெயில் தாழ்ந்ததும், 'எங்கள் வீட்டில்' என்று பிள்ளைகள் எழுதியிருப்பதை உரக்க வாசிப்பார்கள். மகாராஜா நேரில் கேட்பார். பெற்றோர் வர வேண்டிய கட்டாயமில்லை."

ஊர் ஆடிப்போயிற்று. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் அன்றோடு நின்றன. அதுவரை பிள்ளையின் முகத்தைப் பார்க்காதவர்கள்கூட மடியில் உட்காரவைத்து, என்ன எழுதினாய் கண்ணு என்று விசாரித்தார்கள். பிள்ளைகள் அதிரசம் தின்றுகொண்டே, வாத்தியார் சொல்லக்கூடாது என்றிருக்கிறார் என்றன.

பிள்ளைகள் எழுதிய ஓலைகளையெல்லாம் ஆதிமூலம் முன்கூட்டியே படித்தார். வீட்டில் பிள்ளைக்கு அடி வாங்கித் தரக்கூடியதை எல்லாம் எடுத்து ஒதுக்கினார். ஒரே ஒரு ஓலையை இரண்டு தரம் படித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓலைக்கட்டுக்குள்ளேயே திரும்பச் செருகினார்.

பௌர்ணமியன்று பாய்கள் போதவில்லை. கடைகளைச் சாத்திவிட்டு ஊரே வந்திருந்தது. கயிலாசம் மூச்சிரைக்க ஓடிவந்து, அங்கே படிக்கும் தன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காதில் ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். மகன் எழுந்து கணீரென்று வாசித்தான்:

"எங்கள் வீட்டில் பெரிய கண்ணாடி இருக்கிறது. மந்திரியானால் எப்படி நடப்பது என்று அப்பா தினமும் அதன்முன் நடந்து பழகுவார்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "அந்த நடையை நாங்களும் பார்க்கலாமே" என்றார் ராஜா. கயிலாசம் வேறு வழியில்லாமல் நாலடி நடந்தார். மகனுக்கு மனசு ஆறவில்லை. "வீட்டில் இதைவிட நன்றாக நடப்பார்" என்றான்.

அடுத்து அய்யாறின் மகள் காத்தாயி எழுந்தாள். "பரிசலில் போகும்போது அன்றைக்குப் படித்ததை அப்பா சொல்லச் சொல்வார். நான் தப்பாகச் சொன்னால் அவருக்குத் தெரியாது. அதனால் நான் சரியாகவே சொல்வேன்."

அய்யாறு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசியாக மங்கைநல்லாள். "எங்கள் வீட்டில் அப்பா, நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்களா என்று தினமும் கேட்பார். என்னை இன்னும் கேட்டதில்லை."

ராஜா ஆசனத்தை விட்டு எழுந்தார். கோபம் வந்துவிட்டதோ என்று ஆதிமூலம் பதறினார். ராஜா நேரே போய் மகள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்டார்.

சட்டம் அன்றே மாறியது. கூடும் நேரத்தைப் பெற்றோரே வைத்துக்கொள்ளலாம். வாத்தியார் அவர்களிடம் கேள்வி கேட்கக்கூடாது. பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். மந்திரிக்கு ராஜா தன் தோள் சால்வையைப் போர்த்தினார். இனி பௌர்ணமிதோறும் பாய் விரிக்கும் பொறுப்பு மணியக்காரருக்கு என்றும் உத்தரவானது.

அடுத்த பௌர்ணமிக்கு ராஜா தாமதமாக வந்தார். உட்கார இடமில்லை. எல்லாரும் எழப் போக, ஆதிமூலம் கையமர்த்தினார். அய்யாறு மட்டும் கொஞ்சம் நகர்ந்து, பாயின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார்.

"இப்படி உட்காருங்க ராசா. சத்தம் போடாதீங்க, எம்மக சொல்லிக்கிட்டிருக்கா."

ராஜா வாய்பொத்தி உட்கார்ந்தார்.