ஞாயிறு கேட்டவர்

"ஞாயித்துக்கிழமை வந்தாலே மனசு கிடந்து அடிச்சுக்குது சாமி," என்றார் மாசிலாமணி.

சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாசிலாமணியைவிட வயதில் இளையவர். விமான நிலையத்தை ஒட்டிய குன்றின் அடியில் ஒரு ஓட்டு வீடு, அதுதான் அவருடைய மடம்.

மாசிலாமணி விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர். ஊர் உலகத்துக்கெல்லாம் சிரித்த முகத்தோடு சாப்பாடு பரிமாறியவர். சொந்த மகளோடு உட்கார்ந்து நிம்மதியாக ஒரு ஞாயிறு சாப்பிட்டதில்லை.

"பொண்ணு சின்னதா இருக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். 'ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பா'ன்னு. முடியல."

"ஏன்?"

"மாசாமாசம் எங்களையே கேப்பாங்க சாமி. எந்த நாள் ஓய்வு வேணும், எந்த ஊருக்குப் போக இஷ்டம்னு. நல்ல வழக்கம்தான். ஆனா மூத்தவங்க கேட்டது போக மிச்சம்தான் எங்களுக்கு. எனக்கு மேல சேஷாத்ரின்னு ஒருத்தர். எல்லா ஞாயிறையும் அள்ளிக்குவார். கட்டைப் பிரம்மச்சாரி. வீட்ல ஒரு பூனைகூடக் கிடையாது. அந்த ஆளு ஞாயித்துக்கிழமையை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணினாரோ!"

அத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல் இன்னும் ஆறியபாடில்லை.

"இப்ப?"

"இப்ப நான்தான் எல்லாருக்கும் மூத்தவன். கேட்ட நாள் கிடைக்குது. எல்லா ஞாயிறும் வீட்லதான். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. பொண்ணு மெல்போர்ன்ல இருக்கா. போன் பண்ணினா, 'பசங்களோட வெளிய இருக்கேம்பா, அப்புறம் பேசறேன்'ங்கறா."

உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ மேல தப்பில்ல சாமி."

"ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?"

"இங்க வர்றேன்."

சாமி தலையாட்டினார்.

தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறியது. ஓடுகள் அதிர்ந்தன. சத்தம் குறைந்ததும் சாமி கேட்டார்.

"உங்க விமானமா?"

"ஆமா. தோஹா போகுது."

"உள்ள யாரு பரிமாறுவா?"

"நிலோஃபர்னு ஒரு பொண்ணு. அதோட குழந்தை இப்பத்தான் எல்.கே.ஜி. பாவம், அதுவும் மாசாமாசம் ஞாயிறுதான் கேக்குது. கிடைக்க மாட்டேங்குது."

"ஏன்?"

"மூத்தவங்க கேட்டது போக..."

மாசிலாமணியின் வாய் அப்படியே நின்றுவிட்டது.

சேஷாத்ரியின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. நிலோஃபரின் குழந்தையை ஒருமுறை பார்த்திருக்கிறார். அம்மாவின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்போது அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

"அடுத்த மாசத்துக்கும் ஞாயிறுதான் கேட்டு அனுப்பியிருக்கேன்," என்றார், தரையைப் பார்த்தபடி. "பழக்கதோஷம்."

சாமி வெண்டைக்காயை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"சாயங்காலம்வரைக்கும் மாத்தலாம்."

சாமி எழுந்து வந்தார். மாசிலாமணியை எழுந்திருக்கச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை மடம் பூட்டியிருக்கும்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் எங்கதான் போறது சாமி?"

வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பு ஒட்டியிருந்த விரலை உயர்த்தி, விமானம் போன திசையைக் காட்டினார் சாமி.