பூக்குளத்தங்கரை வழி

முன்னொரு காலத்திலே, தன் நிழல் எதற்காகத் தன் பின்னாலேயே வருகிறது என்று யோசித்துத் தூக்கம் கெட்ட ராஜா ஒருவன் இருந்தான். வல்லபராயன் என்று பெயர். அவன் சாப்பாட்டை முதலில் ஒருவன் ருசி பார்ப்பான். அந்த ஒருவனை நம்பலாமா என்று கண்காணிக்க இன்னொருவன் இருந்தான். ராஜா வாயில் ஒரு கவளம் வைப்பதற்குள் சோறு ஆறிச் சில்லிட்டுப் போகும். அதற்கும் சமையற்காரனைத்தான் சந்தேகப்படுவான்.

அவனுடைய தலைநகரம் நெடுமாடபுரி. எப்போது கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாத அளவுக்குப் பழைய ஊர். நாலு கோட்டை வாசல், நடுவிலே பெரிய கோயில், அதைச் சுற்றித் தேரோடும் வீதிகள், அவற்றுக்குப் பின்னால் நெசவுக்காரர், செக்காட்டுகிறவர், பொற்கொல்லர், பூக்கட்டுகிறவர் என்று தொழிலுக்கொரு தெரு. இத்தனையும் ராஜாவுக்குச் சொந்தம். ஆனால் அவன் பார்த்ததெல்லாம் யானை மேல் உட்கார்ந்து போகிற தேரோடும் வீதிகளைத்தான். சந்துகளுக்குள்ளே யானை போகாது, ஆகவே ராஜாவும் போனதில்லை.

ஒருநாள் காலை அவனுக்கு ஒரு எண்ணம் வந்தது. சந்துகளுக்குள்ளே தன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்களோ? போய்க் கேட்டுவிட வேண்டியதுதான் என்று குதிரை வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு புறப்பட்டான். நெசவுக்காரத் தெருவில்தான் ஊர் வம்பெல்லாம் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். கோயில் வாசலில் ஆவுடைச்சி என்ற பூக்காரி உட்கார்ந்து கனகாம்பரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வழி கேட்டான்.

"நெசவுக்காரத் தெருவா? நேரா போங்க. புளியமரத்துல வடக்கால திரும்புங்க. பூக்குளத்தங்கரையோடயே போனா யானைக்கொட்டாரம் வரும். அதத் தாண்டுனா தறிச் சத்தம் கேக்கும்" என்றாள் அவள், கையிலிருந்த சரத்தை விட்டுக் கண்ணெடுக்காமலே.

ராஜா நேராகப் போனான். புளியமரம் எங்கும் இல்லை. அந்த இடத்தில் ஒரு உப்புக்கடை இருந்தது. கடைக்காரனைக் கேட்டான். "இதாங்க புளியமரம். இப்படித் திரும்புங்க, பூக்குளம் வந்துரும்" என்றான் அவன். திரும்பினால் குளமும் இல்லை, கரையும் இல்லை. ஓங்கி நின்ற ஒரு மாளிகையின் பின்மதில்தான் நீண்டுகொண்டே போயிற்று. எதிரே வந்த நாவிதரைக் கேட்டான். "பூக்குளத்துலதான நிக்கிறீரு? இன்னும் நாலு எட்டு வச்சா யானைக்கொட்டாரம்" என்றார் அவர். அங்கே போய்ப் பார்த்தால் ஒரு மாடு கண்ணைக் கட்டிக்கொண்டு செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. யானையின் வால்கூட இல்லை.

ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ஒருத்தி பொய் சொன்னால் அது அவள் குணம். ஊரே ஒரே பொய்யைச் சொன்னால்? வேஷத்தைக் களைந்து எறிந்துவிட்டு அரண்மனைக்கு ஓடினான்.

சபை கூடியது. "கோயில் வாசல் பூக்காரி முதற்கொண்டு என் தலைநகரம் முழுவதும் எனக்கு எதிராகச் சேர்ந்துவிட்டது. இல்லாத புளியமரத்தை இருக்கிறதென்கிறார்கள். இல்லாத பூக்குளத்தில் நிற்கிறாய் என்கிறார்கள்" என்று படபடத்தான்.

பூக்குளம் என்ற பேரைக் கேட்டதும் பிரதானி கொழுந்துநாதரின் முகம் வெளிறியது. ராஜா அதைக் கவனிக்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவனுக்குப் பக்கத்திலிருப்பவன் முகத்தைப் பார்க்க நேரம் ஏது?

"அரசே, இது பகைவருக்கு அனுப்பும் சங்கேதம் என்பதில் ஐயமில்லை" என்றார் பிரதானி. "இல்லாத பொருளின் பெயரை இந்நகரில் எவரும் வாயால் சொல்லலாகாது, சொன்னவர் குடும்பத்தோடு கோட்டைக்கு வெளியே என்று ஆணையிடுங்கள். முதலில் அந்தப் பூக்காரியை வெளியேற்றுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சந்துகளில் பொழுதெல்லாம் திரிகிறவன் நம் சபையிலேயே ஒருவன் இருக்கிறான். இந்தச் சங்கேதத்தைக் கற்றுக்கொடுத்தவன் அவனாக இருக்கலாம்."

எல்லார் கண்ணும் விகடன் மருதக்குட்டியின் மேல் போய் நின்றது. அவனைக் கண்டால் பிரதானிக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல். ராஜா சிரிப்பதே அபூர்வம். அந்த அபூர்வச் சிரிப்பு அத்தனையும் மருதக்குட்டிக்கே போய்ச் சேருகிறதே!

ராஜா அவனைக் கூர்ந்து பார்த்தான். 'இவனுமா?' என்று நினைத்தபோது மனது வலித்தது. வலியை மறைக்கக் குரலை உயர்த்தினான். "மருதக்குட்டி, இந்தச் சட்டத்தைக் காக்கும் பொறுப்பு உன்னுடையது. நாளைச் சபை முடிவதற்குள் ஒரே ஒரு வாய் இதை மீறித் தப்பினாலும், அந்தப் பூக்காரியோடு நீயும் ஊரை விட்டுப் போகிறாய்."

இத்தனை பெரிய நகரத்தின் வாயை ஒருவன் எப்படிக் கட்டுவான்? மருதக்குட்டியின் வீட்டு அடுப்பு மறுநாள் எந்தக் காட்டில் எரியுமோ என்று சபையில் சிலர் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். அவனோ தரையைத் தொட்டு வணங்கினான்.

"உத்தரவு அரசே. மீறுகிறவர் யாராக இருந்தாலும் பிடிக்கலாமா?"

"யாராக இருந்தாலும்."

"அரண்மனைக்கு உள்ளேயும்?"

"உள்ளேதான் முதலில் பிடிக்க வேண்டும்" என்றான் ராஜா. உண்மையிலேயே அவன் எண்ணம் அதுதான்.

மறுநாள் காலை ராஜா கொலுமண்டபத்துக்கு வந்தான். வழக்கம்போல் கட்டியக்காரன் வெள்ளித் தடியைத் தரையில் தட்டித் தொண்டையைத் திறந்தான்.

"ராஜாதி ராஜ! ராஜ கம்பீர! பூக்குளம் வெட்டிய புண்ணியமூர்த்தியின் பேரர்..."

அவ்வளவுதான். மருதக்குட்டி பாய்ந்து வந்து அவன் தோளைப் பிடித்துவிட்டான். "பிடித்தேன் அரசே! சட்டத்தை மீறியவன் இவன்தான். பூக்குளம் என்றான், அது இல்லை. புண்ணியமூர்த்தி என்றான், தங்கள் பாட்டனாரும் இப்போது இல்லை. ஒரே மூச்சில் இரண்டு குற்றம்!"

கட்டியக்காரன் தடியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். "சாமி, எங்கப்பா சொன்னதத்தான் நானும் சொல்றேன். நான் வேலைக்கு வந்ததுலேருந்து தெனமும் இதேதான் சொல்றேன். யாருமே எதுவுமே கேட்டதில்லையே!"

அதுதான் விஷயம். கட்டியம் சொல்லும்போது யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? ராஜா தன் சிம்மாசனத்து மெத்தையைச் சரி பார்ப்பான், அமைச்சர்கள் அங்கவஸ்திரத்தைச் சரி செய்வார்கள். சட்டம் கொண்டுவந்த பிரதானிக்கும் அந்த வார்த்தை தினமும் தன் காதருகே முழங்கியது உறைக்கவில்லை.

"நில்" என்றான் ராஜா. "என் பாட்டனார் குளம் வெட்டினாரா?"

"அதைப் பிரதானியார்தான் தீர்க்க வேண்டும்" என்றான் மருதக்குட்டி. "குளம் இல்லையென்றால் கட்டியக்காரன் குற்றவாளி, தங்கள் பட்டமும் பொய். குளம் உண்டென்றால் பூக்காரி சொன்னது மெய். எது என்று அவர் சொல்லட்டும். நான் உடனே நிறைவேற்றுகிறேன்."

பிரதானி அங்கவஸ்திரத்தை இழுத்துச் சரி செய்தார். "குளம்... இருந்தது அரசே. பிறகு வற்றிவிட்டது."

"எந்த இடத்தில்?"

"கிழக்கே... எங்கோ..."

ராஜா அந்த வெளிறிய முகத்தை இப்போதுதான் பார்த்தான். வாழ்நாள் முழுவதும் தப்பான ஆட்களையே சந்தேகப்பட்டவனுக்கு முதன்முறையாகச் சரியான ஆள் அகப்பட்டான். பூக்காரியை அழைத்துவரச் சொன்னான்.

ஆவுடைச்சி வந்தாள். நேற்று வழி கேட்ட குதிரை வியாபாரி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவள் தடாலென்று தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"பயப்படாதே. பூக்குளம் எங்கே?" என்றான் ராஜா.

"நீங்க நேத்து மதிலோரமா நடந்திருப்பீங்களே சாமி, அதுக்கு உள்ளாறதான். எங்கம்மா அதுலதான் தாமரை பறிச்சுச்சு. உங்கய்யா மகராசன் போனப்புறம், நீங்க தொட்டில்ல கெடந்தப்ப, பிரதானி அய்யா ராவும் பகலுமா மண்ணக் கொட்டித் தூத்துட்டு வீடு கட்டுனாரு. புளியமரத்த உங்க பட்டாபிஷேகத் தேருக்குத்தான் வெட்டுனாக. யானைங்களக் கோட்டைக்கு அந்தாண்ட கொண்டுபோயிட்டாக."

"இல்லாததை ஏன் இன்னும் சொல்கிறீர்கள்?"

"மரம் போனா என்ன சாமி, அந்த எடம் எங்க போயிரும்? நாங்க அப்படியே சொல்லிப் பழகிட்டோம்."

பிரதானி ராஜாவின் காலில் விழுந்தார். மாளிகையை இடித்துக் குளத்தைத் திரும்பவும் தோண்ட வேண்டும், முதல் மண்வெட்டி பிரதானி கையில் என்று தீர்ப்பாயிற்று. சட்டம் ரத்து. பூக்காரிக்கு விடுதலை.

எல்லாம் முடிந்தது என்று சபை மூச்சு விட்டது. ராஜா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் ஒருவனை விட்டுவிடுமா?

"மருதக்குட்டி, ஊரார் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பழைய பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த அரண்மனைக்கு வழி சொல்லும்போது என்ன சொல்வார்கள்?"

மருதக்குட்டி முதன்முறையாகப் பேச்சை மாற்றப் பார்த்தான். "அதை விட்டுவிடுங்கள் அரசே" என்றான்.

ராஜா ஆவுடைச்சியைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பாவத்துக்கு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"குயவமேடுன்னு சொல்லுவோம் சாமி. குயவங்க சூளை இங்கதான் இருந்துச்சாம். இந்த அரமனையக் கட்டுறதுக்காக உங்க பாட்டன், அந்தக் குளம் வெட்டுன மகராசன்தான், அவுகள ஆத்துக்கு அப்பால அனுப்பிட்டாராம்."

ராஜா தன் காலடியிலிருந்த பளிங்குத் தரையைப் பார்த்தான். பிறகு, இன்னும் எழுந்திருக்காமல் தரையில் கிடந்த பிரதானியைப் பார்த்தான். ராஜா வீடும் நம் வீட்டைப் போலத்தானே என்று அவர் முகத்தில் லேசாக ஒரு நம்பிக்கை துளிர்ப்பது தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதக்குட்டியின் கழுத்தில் போட்டான். ஆற்றுக்கு அப்பாலிருந்த குயவர்களுக்குக் கோட்டைக்குள்ளேயே, அரண்மனைத் தோட்டத்தைப் பிரித்து இடம் கொடுத்தான்.

மறுநாள் கட்டியக்காரன் வெள்ளித் தடியைத் தட்டியபோது சபை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"ராஜாதி ராஜ! ராஜ கம்பீர! பூக்குளம் வெட்டிய புண்ணியமூர்த்தியின் பேரர், குயவமேட்டில் குடியிருக்கும் வல்லபராய மகாராஜா வருகிறார், பராக்!"