பாதை அமைத்துத் தரப்படும்

குழல்வாய்மொழிக்கு நாற்பத்தொரு வயது. கோர்ட்டில் ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலை பார்த்தவர். பதினான்கு வருடம் பார்த்துவிட்டு, போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த பழைய சத்திரத்துக்கு வந்து துறவியாகத் தங்கிவிட்டார்.

அவருடைய சீடர் பொன்னையா வாத்தியாருக்கு அறுபத்தேழு. முப்பத்துநாலு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். மகள் வயதுக்காரியிடம் போய்க் கைகட்டி உட்காருகிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அவருக்கு அது உறைக்கவில்லை.

அன்று உச்சி வெயிலில் வந்தார். கையில் ஒரு கடிதம். பின்னால் காலனியிலிருந்து பேச்சித்தாய்.

குழல்வாய்மொழி தலைவலியோடு படுத்திருந்தார். எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

"உள்ள வாம்மா."

"இருக்கட்டும் தாயி," என்றாள் பேச்சித்தாய், படியில் நின்றபடி. "எங்கய்யா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்காரு. வெரசாப் போணும்."

"அவர விட்டுட்டு எதுக்கு வந்த?"

"அவருதான் அனுப்புனாரு. காயிதத்துல என்ன போட்டிருக்குன்னு வெவரமாக் கேட்டுட்டு வரணுமாம். இந்த வாத்தியாரு சொல்லுதது எனக்கு வெளங்கல."

வாத்தியாருக்கு முகம் சுண்டியது.

"தாயே, நானே சொல்றேன். காலனிக்காரங்களுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. கால்வாய்க்குள்ள இறங்கித்தான் தூக்கிட்டுப் போகணும். ஐப்பசியில இடுப்பளவு தண்ணி. பாதை கேட்டு நான்தான் மனு எழுதிக் கொடுக்கிறேன், வருஷத்துக்கு ஒண்ணு. இது பதினோராவது பதில்."

"என்ன சொல்றாங்க?"

வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். குரல் வகுப்பறைக்குப் போய்விட்டது.

"'எ பாத்வே ஷல் பி ப்ரொவைடட்.' பாதை அமைத்துத் தரப்படும்."

"பத்தாவது பதில்ல?"

"அதே வரிதான்."

"முதல் பதில்ல?"

"அதுவும்." வாத்தியார் கடிதத்தை மடித்தார். "என் கேள்வி இதுதான் தாயே. இப்ப யாரும் 'ஷல் பி' எழுதுறதில்ல. 'வில் பி' போதும். ஆனா பழைய இலக்கணத்துல 'வில்' வெறும் எதிர்காலம். 'நான்', 'நாங்க' தவிர மத்ததுக்கு 'ஷல்' போட்டா அது சத்தியம். முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில எழுதிப் போட்டிருக்கேன். அந்த நம்பிக்கையிலதான் இவங்ககிட்ட 'பொறுத்திருங்க, சத்தியம் பண்ணிட்டாங்க'ன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பா?"

"பொறுத்துத்தான் இருந்தோம்," என்றாள் பேச்சித்தாய். "எங்கம்மையத் தூக்கிட்டுப் போவயில கால்வாய்க்குள்ள காலு சறுக்கிப் பாடை நழுவிட்டு. ஒரு பர்லாங்கு ஓடிப் புடிச்சோம். அதுலேருந்து எங்கய்யாவுக்கு வேற நெனப்பே கெடையாது. கஞ்சி வேண்டாங்காரு, ஆசுபத்திரி வேண்டாங்காரு. 'என்னையத் தண்ணிக்குள்ள போட்றாதீங்கட்டி'ன்னு அது ஒண்ணுதான்."

குழல்வாய்மொழி வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரய்யா, பிள்ளைங்கள வாக்கியம் எழுதச் சொல்லுவீங்கள்ல? ஒண்ணு சொல்லுங்க. உங்க மனுவோட கடைசி வரி."

"'வி ஷல் பி எவர் க்ரேட்ஃபுல்.' என்றென்றும் நன்றியுடையவர்களாக இருப்போம்."

"அவங்க தருவோம்ங்கிறாங்க. நீங்க நன்றியோட இருப்போம்ங்கிறீங்க. ரெண்டு பேரும் பதினோரு வருஷமா வாக்குத் தவறல."

பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேலி வேண்டாம் தாயே," என்றார் வாத்தியார். "கோர்ட்டில நீங்களே இதைத் தமிழாக்கியிருப்பீங்க. அதுக்கு வலு உண்டா இல்லையா?"

"உண்டு."

"பார்த்தீங்களா!"

"ஒரு தடவை ஆத்தங்கரைக் குடிசைகளைப் பத்தி ஒரு உத்தரவு வந்தது. 'ஷல் பி ரிமூவ்ட்.' அகற்றப்படும். அதே சொல்தான். கீழே தேதி இருந்தது. காலை ஆறு மணின்னு இருந்தது. எத்தனை போலீஸ், எந்த மண்ணள்ளும் வண்டி, அதை ஓட்டுறவர் பேரு, எல்லாம் இருந்தது. ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாலயே வந்துட்டாங்க." குழல்வாய்மொழி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க கடிதத்துல யார் பேராவது இருக்கா?"

வாத்தியார் கடிதத்தை விரித்தார். திருப்பிப் பார்த்தார்.

"இல்லை."

"அப்ப எங்கய்யாகிட்ட என்ன சொல்ல?" என்றாள் பேச்சித்தாய்.

"இரும்மா. எனக்கு இந்த ஊர் தெரியாது, அதனால கேக்குறேன். சுடுகாட்டுக்கு வேற வழியே கிடையாதா?"

பேச்சித்தாய் வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் சுவரைப் பார்த்தார்.

"இல்லாம என்ன தாயி? தார் ரோடே கெடக்கு. கலெக்டர் வந்து தொறந்து வச்ச ரோடு. நடந்தாப் பத்து நிமிசம். வாத்தியாரு வீட்டு வாசல் வழியாத்தான் போவுது."

"பிறகு?"

"அது ஊர்த் தெருவுல்லா! நாங்க உசுரோட நடக்கலாம். செத்தாப் போவக் கூடாது."

குழல்வாய்மொழி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் உயரவில்லை.

"வாத்தியாரய்யா, பதினோரு மனுவுல ஒண்ணுலயாவது இந்த ரோட்டைப் பத்தி எழுதினீங்களா?"

"எழுதல."

"ஏன்?"

"கலவரம் வரும் தாயே. அதனாலதான் யாருக்கும் மனசு நோகாம தனிப் பாதை கேட்டேன். நான் யாரையும் தடுத்ததில்லை. ஒரு நாளும் இல்லை."

"தடுக்கிறது யாரு?"

"ஊரு."

"ஊர்ல யாரு?"

வாத்தியார் கடிதத்தை மறுபடி மடித்தார்.

"நான் சொல்லுதேன்," என்றாள் பேச்சித்தாய். "எங்கம்மையத் தூக்குன அன்னைக்கு ரோட்டு முக்குல எட்டுப் பேரு நின்னாங்க. வாத்தியாரு நிக்கல. அவரு வீட்டு ஜன்னலு சாத்தியிருந்துச்சு. மறுநாளு காலையில வந்து, நல்ல கையெழுத்துல மனு எழுதிக் குடுத்தாரு. அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"நான் என்னம்மா செய்ய முடியும்?" வாத்தியாரின் குரல் உடைந்தது. "சின்ன மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கு. நாளைக்கே உங்கய்யா பாடைக்கு முன்னால நான் அந்தத் தெருவில நடந்தேன்னு வை, அவ்வளவுதான். தண்ணி, பால், பேச்சு எதுவும் கிடையாது. ஒதுக்கி வச்சிருவாங்க."

"நிச்சயமாவா?" என்றார் குழல்வாய்மொழி.

"நிச்சயமா."

"எப்ப?"

"எப்பன்னா? அன்னைக்குச் சாயங்காலமே!"

சொன்ன பிறகுதான் வாத்தியாருக்குத் தன் குரல் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சித்தாய் படியிலிருந்து இறங்கினாள். கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்க எதுவும் இருக்கவில்லை.

"வாரேன் தாயி. நேரமாயிட்டு. பக்கத்து வீட்டுப் புள்ளைய உக்கார வச்சிட்டு வந்தேன், அது தூங்கிரும்."

"உங்கய்யா கேட்டா என்ன சொல்லுவ?"

"என்னத்தச் சொல்ல? பாதை வருதுன்னுதான் சொல்லணும். போற மனுசன் சிரிச்ச மொகமாப் போவட்டும்."

அவள் நடக்கத் தொடங்கினாள். வாத்தியார் எழுந்தார். அவள் பின்னால் இரண்டு அடி வைத்தார். நின்றார். திரும்பி வந்தார்.

"தாயே, இந்தத் தடவை தேதி கேட்டு எழுதுறேன். அதிகாரி பேர் கேட்டு எழுதுறேன். ரோட்டைப் பத்தியும் எழுதுறேன். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா எழுதிடுறேன். மிஞ்சிப் போனா ஒரு மாசத்துல பதில் வந்திரும். அதுவரைக்கும் காத்திருக்கலாம் இல்லையா?"

குழல்வாய்மொழி மறுபடி படுத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"தாராளமாக் காத்திருக்கலாம், வாத்தியாரய்யா. அவ பின்னாலயே போய் அவங்கய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."