நாற்பத்தொன்றாம் பக்கம்

உள்ளே போக ஒரு வழி. வெளியே வர ஒரு வழி. ஆனாலும் உண்மை சொல்பவர் வெளியே வரமுடியாது. அது என்ன வீடு?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

"என் படத்துல யார் சிவப்புக் கோடு போட்டது?" தில்லைராசன் கத்தினார்.

"நான்தான்," என்றார் ஹசீனா.

தில்லைராசனுக்கு நாற்பத்தாறு வயது. ஹசீனாவுக்கு முப்பது. தில்லைராசன் இந்த வேலைக்குப் புதிது; ஹசீனாவிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

வேலை இதுதான். பள்ளிப் பேருந்தில் பிள்ளை ஏறியதா என்று பெற்றோரின் கைபேசிச் செயலி கேட்கும். கணினி பதில் சொல்லும். எந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் வரலாம் என்று விளக்கும் அறுபது பக்க ஆவணம் ஒன்று இருந்தது; ஏபிஐ ஆவணம் என்பார்கள். அதைத் தில்லைராசன் படமாக வரைந்திருந்தார். சுவரில் இருந்த தொடுதிரைப் பலகையில் பச்சை அம்புகள் வரிசையாக ஓடின. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம்.

"மூணு நாள் வேலை மேடம்! எல்லாரும் அழகா இருக்குன்னு சொன்னாங்க."

"நாற்பத்தொன்றாம் பக்கம் படிச்சீங்களா?"

"படிச்சேன். 'பிள்ளை ஏறவில்லை'ன்னு வர்ற பதில். எப்பவோ ஒரு தடவை வரும். அதுக்கு நாலு அம்பு போட்டா படமே அலங்கோலம். அதான் விட்டுட்டேன்."

"மத்தியானம் இதைப் பார்த்துத்தான் செயலி எழுதப்போறாங்க சார். அறுபது பக்கத்தை எவனும் திறக்கமாட்டான்!" ஹசீனாவின் குரலும் உயர்ந்தது.

"பேசுறது சுலபம். வரைஞ்சு பாருங்க!"

ஹசீனா வரையவில்லை. சிவப்புக் கோட்டை அழித்தார். பலகைத் திரையைத் தொட்டு ஒரு மஞ்சள் சீட்டை வரவழைத்து, அதில் 'இளவேனில்' என்று எழுதினார்.

அது தில்லைராசனின் மகள் பெயர். ஆறு வயது. அந்தப் பேருந்தில்தான் பள்ளிக்குப் போய் வருகிறாள். அன்று பள்ளி விடுமுறை; அப்பாவின் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. இன்னிக்கு நீ பஸ்ஸுல ஏறலை, ஸ்கூல்லயே தூங்கிட்டன்னு வச்சுக்கோ. அம்மாவுக்குத் தெரியணும். இந்தச் சீட்டை அம்புக்குறி வழியா அம்மாகிட்ட கொண்டுபோ."

இளவேனில் விரலால் சீட்டை நகர்த்தினாள். 'ஏறினாளா?' என்ற கட்டத்தில் நின்றாள்.

"ஆண்ட்டி, 'ஆமாம்'னு மட்டும்தான் வழி இருக்கு."

"அது எங்கே போகுது?"

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அம்மாவுக்குச் செய்தி. பிள்ளை... பத்திரமாக... ஏறிவிட்டாள்."

தில்லைராசனுக்கு முகம் சிவந்தது. "சும்மா அதுலயே போ பாப்பா! விளையாட்டுதானே!"

"நான்தான் ஏறலையேப்பா."

"போன்னு சொல்றேன்ல!"

இளவேனில் அப்பாவைப் பார்த்தாள். சீட்டை வெளியே நகர்த்தாமல் அந்தக் கட்டத்துக்குள்ளேயே விட்டுவிட்டு விரலை எடுத்துக்கொண்டாள்.