ஓதுவார் கொப்பளிச்ச மூணு மாசம்

"உங்க கஷாயம் வேலை செய்யல."

வந்ததும் வராததுமா ஓதுவார் சொன்னார். கோயில்ல தேவாரம் பாடறவர். பேர் சிற்றம்பலம். வயசு அம்பத்தொம்பது.

குரு செங்கமலம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. வயசு நாப்பத்தொண்ணு. மலையடிவாரத்துல சின்னதா ஒரு மடம். அதுல ஒரு மருந்து அலமாரி.

"உக்காருங்க."

"மாட்டேன். உக்காந்தா கோவம் அடங்கிடும்."

"சரி, நில்லுங்க."

"ஈறு வீங்குதுன்னு உங்ககிட்ட வந்தேன். கடுக்காய், கருவேலம்பட்டை, கிராம்பு, பச்சைக் கற்பூரம்னு என்னென்னமோ போட்டுக் கஷாயம் குடுத்தீங்க. மூணு மாசம் ரெண்டு வேளையும் கொப்பளிச்சேன். வாய் மணக்குது. ரத்தம் நிக்கல. இப்ப கீழ் முன்பல்லு ரெண்டு ஆடுது."

"ம்."

"'சிவ'ன்னு எடுத்தா விசில் வருது. முன்னாடி உக்காந்திருக்கிற பொம்பளைங்க முந்தானையை வாயில வச்சுக்கறாங்க. திருவிழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள். தர்மகர்த்தா என்ன சொல்றார் தெரியுமா?"

ஓதுவார் தொந்தியை முன்னால தள்ளி, தர்மகர்த்தா குரல்லயே சொன்னார்.

"'ஓதுவாரே, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்க. பென் டிரைவ் பாடும்.'"

செங்கமலம்மா அடுத்த கீரைக் கொத்தை எடுத்தாங்க.

"முப்பத்தாறு வருஷமா நான் நின்னு பாடற இடம்மா அது. பென் டிரைவாம்."

"வேற யார்கிட்டயாவது போனீங்களா?"

"என் மச்சினன். ஹோமியோபதி பாக்கறவன். மூக்காலதான் பேசுவான். 'அத்தான், அரை டம்ளர் தண்ணியில பத்து சொட்டு. கொப்பளிங்க. ஆனா கற்பூர வாசனை மட்டும் படக்கூடாது, மருந்து செத்துடும்.'"

"நீங்க கோயில்ல நிக்கறவராச்சே."

"அதைத்தானே சொல்றேன். தீபாராதனைன்னா ஊரே சன்னதிக்கு ஓடி வருது. நான் மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு கொடிமரத்துப் பக்கம் ஓடறேன். சாமி என்ன நினைச்சுக்கும்?"

செங்கமலம்மாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உதட்டைக் கடிச்சுக்கிட்டாங்க.

"சிரிங்க, சிரிங்க. அவனைக் கேட்டா, கஷாயத்துல இருக்கிற கற்பூரம்தான் கெடுத்துச்சுங்கறான். உங்களைக் கேட்டா, அவன் சொட்டுதான் கெடுத்துச்சும்பீங்க. நடுவுல ஆடறது என் பல்லு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆளாளுக்கு மருந்து குடுத்தீங்களே, ஒருத்தராவது என் வாயைத் திறக்கச் சொல்லி உள்ள பாத்தீங்களா?"

கீரை உருவின கை நின்னுச்சு.

செங்கமலம்மா எழுந்து உள்ள போனாங்க. வெந்நீர் போடற கெட்டிலோட வந்தாங்க. உள்ள போர் தண்ணியோட உப்பு வெள்ளை வெள்ளையா அப்பியிருந்துச்சு.

"இதைச் சுத்தம் பண்ணுங்க. உள்ள கை விடக்கூடாது. ஊத்திக் குலுக்கலாம், அவ்வளவுதான்."

"நான் என்ன பேசறேன், நீங்க பாத்திரம் கழுவச் சொல்றீங்க."

"குலுக்குங்க."

முணுமுணுத்துக்கிட்டே தண்ணி ஊத்திக் குலுக்கினார். வெள்ளை அப்படியே இருந்துச்சு.

அலமாரியில இருந்த கஷாயத்தை எடுத்து ஊத்தினார். குலுக்கினார். கெட்டில் மணந்துச்சு. வெள்ளை போகல.

இடுப்புல செருகியிருந்த மச்சினன் பாட்டிலை எடுத்து, அரை டம்ளர் தண்ணியில பத்து சொட்டு எண்ணி விட்டார். அதையும் ஊத்திக் குலுக்கினார்.

எட்டிப் பாத்தார்.

கெட்டிலைத் தரையில டொம்முனு வச்சார்.

"என்னம்மா விளையாட்டு இது? உப்பு கல்லாயிடுச்சு. எதை ஊத்திக் குலுக்கினா என்ன? வருஷம் பூரா குலுக்கினாலும் வராது. சுரண்டி எடுத்தாத்தானே..."

நாக்கு அதுபாட்டுக்குக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால போச்சு.

அங்க சொரசொரன்னு இருந்துச்சு.

ஓதுவார் உக்காந்துட்டார்.

கெட்டிலைத் தள்ளி வச்சுட்டுக் கேட்டார்.

"பல்லாஸ்பத்திரிக்கு எந்த பஸ்?"

"பத்தேகாலுக்கு ஒண்ணு இருக்கு. இருங்க, நானும் வர்றேன்."

"துணைக்கெல்லாம் வேணாம். எனக்கு இன்னும் கோவம் போகல."

"துணைக்கு இல்ல."

செங்கமலம்மா வெளிச்சம் விழற பக்கமாத் திரும்பி, வாயை நல்லாத் திறந்து காட்டினாங்க.

ஓதுவார் குனிஞ்சு பாத்தார். கீழ்வரிசைக்குப் பின்னால, வெள்ளை வெள்ளையா.

"நீங்களும் இந்தக் கஷாயம்தானா?"

தலையை ஆட்டினாங்க.

"எத்தனை வருஷமா?"

திறந்த வாயை மூடாமலே, செங்கமலம்மா எட்டு விரலைக் காட்டினாங்க.