முளைக்காத உப்பு

ஒரு காட்டில் சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். நல்லவன்தான், பாவம். நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்காது!

அந்தக் காட்டுப் பள்ளத்தில் ஒரே ஒரு உப்புப் பாறை கிடந்தது. மானும் காட்டெருமையும் வந்து ஆளுக்குக் கொஞ்சம் நக்கிவிட்டுப் போகும். சிலுப்பனோ கறுக் கறுக்கென்று கடித்தே தின்பான். தின்னத் தின்னப் பாறை தேய்ந்து ஒரு தேங்காயளவு ஆகிவிட்டது.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்," என்று கெஞ்சினாள் பூவி என்ற மான். அவள் குட்டி ஈன்று சில நாள்தான் ஆகியிருந்தது. "உப்பு நக்காவிட்டால் எனக்குப் பால் சுரக்காது. பிள்ளை வாடிப்போவான்."

"அட, இதற்கா கலங்குகிறாய் தங்கச்சி? வள்ளிக்கிழங்கைத் தோண்டினால் அதன் தலையை மண்ணிலேயே விட்டுவைப்பேன். மழை பெய்ததும் மறுபடி கிழங்கு விடும். உப்பையும் அப்படி நட்டுவிட்டால் போச்சு!"

சொல்லிவிட்டு வயிறு முட்டத் தின்றான். மிஞ்சிய சிறு கட்டியை மண்ணில் புதைத்து, மேலே பதமாகத் தட்டியும் விட்டான். "முளைத்ததும் முதலில் உனக்குத்தான்!" என்றான். மனசாரத்தான் சொன்னான்.

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வள்ளிக்கொடி தளதளவென்று துளிர்த்தது. உப்பு நட்ட இடமோ வெறும் சேறாகக் கிடந்தது.

சிலுப்பன் பதறிப்போய்த் தோண்டினான். கட்டியெல்லாம் கரைந்துபோய், நெல்லிக்கொட்டை அளவு ஒரு துண்டுதான் கைக்கு வந்தது. அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

அப்போது பூவி அங்கே வந்தாள். குட்டி அவள் மடியை முட்டி முட்டிப் பார்த்தது. பால் வரவில்லை. அதைக் கண்டதும் சிலுப்பனுக்கு நெஞ்சு உருகிவிட்டது.

"இந்தா, நீயே நக்கு தங்கச்சி," என்று துண்டைத் தள்ளிவிட்டு விம்மினான். "கிழங்கு வளரும், உப்பு வளராது. இது தெரியாமல் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டேனே!"

"அழாதீர்கள் அண்ணே," என்று சொல்லிப் பூவி அதை நக்கினாள். மாலையில் கொஞ்சம் பால் சுரந்தது. குட்டி குடித்துவிட்டு, முள் குத்தாமல் மெல்லச் சிலுப்பன் அருகில் வந்து நின்றது.

"மாமா, எனக்குக் கொம்பு முளைக்கும்போது நான் எந்த உப்பை நக்குவேன்?"

சிலுப்பன் முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு தலைகுனிந்தான்.

நீதி: எடுத்தால் திரும்ப விளையாததை, இனி வரும் பிள்ளைகளுக்கும் மிச்சம் வைத்தே எடுக்க வேண்டும்.